ஐந்து ஆணிகளும் ஒரு நூலும்

சென்ற திங்கள் நமக்கு வந்த மடல்களுள் ஒரு தாய் எழுதிய மடலை நாம் இருமுறை படித்தோம். ஒன்பதாம் வகுப்பில் பயிலும் அவருடைய மகள், பள்ளி ஆசிரியை கொடுத்த கணிதப் போட்டித் தாள் ஒன்றை வீட்டிற்குக் கொண்டு வந்திருக்கிறாள். பாடநூலின் பயிற்சிக் கணக்குகளை ஒரு மணி நேரத்தில் முடித்துவிடும் பிள்ளை, இத்தாளில் உள்ள ஒரே ஒரு கணக்கோடு நான்கு நாள்களாக மல்லாடிக்கொண்டிருக்கிறாள். உணவு வேளையிலும் அதே நினைவு. தந்தைக்குப் பொறுக்கவில்லை. "நான்கு நாளாக விடை வராத கணக்கு எந்தத் தேர்வுக்கு உதவும்?" என்று சொல்லித் தாளை வாங்கி அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டார். "எடுத்துக் கொடுக்கலாமா, சாமி? அவர் சொல்வதும் நியாயமாகத்தான் படுகிறது" என்று அந்தத் தாய் வினவுகிறார்.

எடுத்துக் கொடுக்கலாம் என்பதே நம் கருத்து. ஆயினும், ஒரு குடும்பத் தலைவரின் சொல்லுக்கு மாறாக நாம் ஒன்று சொல்வதானால் அதற்குக் காரணம் காட்டக் கடமைப்பட்டிருக்கிறோம். அக்காரணத்தைக் கணக்குகளைக் கொண்டே காட்ட முயல்கிறோம். கணக்கு என்றதும் பக்கத்தைப் புரட்டிவிட எண்ணும் அன்பர்கள் சற்றுப் பொறுத்தருள்க. பெரும்பாலும் எட்டாம் வகுப்புக்கு மேல் போகமாட்டோம். ஓரிடத்தில் மட்டும் பத்தாம் வகுப்பு வரை ஏறி இறங்குவோம்.

பாடநூலில் 'பின்னங்களைச் சுருக்குதல்' என்று ஒரு தலைப்பு இருக்கும். அதன்கீழ் ஒரு விதி, விதியின்கீழ் இருபது கணக்குகள். தலைப்பே பாதி விடையைச் சொல்லிவிடுகிறது. மாணவர் செய்ய வேண்டுவதெல்லாம் கவனமாகக் கணித்தல். அதுவும் வேண்டிய பழக்கமே; அதை நாம் குறைகூற வரவில்லை. போட்டிக் கணக்கிற்கோ தலைப்பு இல்லை. எந்த விதி கைகொடுக்கும் என்று தேடிக் கண்டடைவதே அங்குக் கணக்கு. பெரிய போட்டிகளில் 'விடை எத்தனை?' என்பதைவிட, 'எப்போதும் இப்படியே இருக்கும் என்று நிறுவுக' என்னும் வினாவே மிகுதி. வடிவ கணிதம், எண்ணியல், இயற்கணிதம், சேர்மானக் கணிதம் ஆகிய நான்கிலிருந்தும் வினாக்கள் எடுக்கப்படுகின்றன. கல்லூரிக் கணிதம் எதுவும் வேண்டியதில்லை.

ஓர் எடுத்துக்காட்டு. 1959 ஆம் ஆண்டில் ருமேனிய நாடு விடுத்த அழைப்பை ஏற்று ஏழு நாடுகளின் பள்ளி மாணவர்கள் அங்கே கூடினார்கள். அனைத்துலகக் கணித ஒலிம்பியாடு என்று இன்று வழங்கும் போட்டியின் தொடக்கம் அதுவே. அங்குத் தரப்பட்ட முதல் கணக்கு இது: ஏதேனும் ஒரு முழு எண்ணை நினைத்துக்கொள்க. அதனை 21 ஆல் பெருக்கி 4 கூட்டுக. அது பின்னத்தின் மேல் எண். அதே எண்ணை 14 ஆல் பெருக்கி 3 கூட்டுக; அது கீழ் எண். இப்பின்னத்தை ஒருபோதும் சுருக்க இயலாது என்று நிறுவுக.

1 என்று நினைத்தால் பின்னம் 25/17. 2 என்றால் 46/31. 3 என்றால் 67/45. 10 என்றால் 214/143. எதுவும் சுருங்கவில்லை. ஆனால் நூறு எண்களைச் சோதித்துவிட்டோம் என்பது நூற்றோராவது எண்ணுக்குச் சான்றாகாது. குருமடத்தில் அளவை நூல் பயின்ற நாளில் நமக்கு முதலில் புகட்டப்பட்ட பாடம் இதுவே. எத்தனை எடுத்துக்காட்டுகளை அடுக்கினாலும் அவை ஒரு நிறுவல் ஆகா. ஆயின் என் செய்வது? மேல் எண்ணை இரட்டித்துப் பாருங்கள்: நினைத்த எண்ணின் 42 மடங்கோடு 8 வரும். கீழ் எண்ணை மும்மடங்காக்குங்கள்: 42 மடங்கோடு 9 வரும். இவை இரண்டும் அடுத்தடுத்த எண்கள். மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் மீதியின்றி வகுக்கும் எண் எதுவாயினும், அது இவ்விரண்டையும் வகுக்க வேண்டும். எனவே இவற்றின் வேறுபாடாகிய 1 ஐயும் வகுக்க வேண்டும். 1 ஐ வகுப்பது 1 ஒன்றே. ஆகவே பின்னம் சுருங்காது. முடிந்தது.

நிறுவல் இரண்டே வரி. மேலதை இரட்டித்துக் கீழதை மும்மடங்காக்க வேண்டும் என்பதை யாரும் சொல்லித் தரவில்லை என்பதுதான் இதன் கடினம் முழுவதும்.

இவ்வகைக் கணக்குகள் ருமேனியாவுக்கு முன்னரே அதன் அண்டை நாடாகிய ஹங்கேரியில் வேரூன்றிவிட்டன. 1894 ஆம் ஆண்டளவில் ஜியோர் நகரப் பள்ளி ஆசிரியராயிருந்த தானியேல் ஆரான் என்பவர், பள்ளி மாணவருக்கென்றே ஒரு கணித இதழைத் தொடங்கினார். திங்கள்தோறும் அதில் கணக்குகள் வெளிவரும். மாணவர்கள் தீர்வுகளை அஞ்சலில் அனுப்புவார்கள். சிறந்தவை அனுப்பியவரின் பெயரோடு அச்சேறும். பின்னாளில் ஆண்டு முழுவதும் நன்கு தீர்த்தவர்களின் நிழற்படங்களையும் வெளியிட்டார்கள். சிற்றூர் மாணவன் ஒருவன் தலைநகரில் உள்ள மற்றொருவனை முகம் பாராமலே அறிந்துகொள்ள அவ்விதழ் வழிசெய்தது. அதே 1894 இல் ஹங்கேரியக் கணித, இயற்பியல் கழகம், பள்ளிப் படிப்பை முடிக்கும் மாணவர்களுக்கு ஒரு போட்டியை நிறுவியது. இயற்பியல் அறிஞர் லோராண்ட் ஏட்வோஷ் கல்வி அமைச்சரானதைச் சிறப்பிக்க எழுந்த போட்டி அது. மூன்று கணக்குகள், நான்கு மணி நேரம். நூல்களைப் பார்த்துக்கொள்ளவும் இசைவு உண்டு! பார்த்து எழுதலாம் என்றால் அது என்ன தேர்வு என்று நம் வீட்டுப் பிள்ளைகள் கேட்கக்கூடும். எந்த நூலைப் புரட்டினாலும் கிடைக்காதது அங்கே கேட்கப்பட்டது என்பதே விடை.

அம்முதல் போட்டியின் முதல் கணக்கையும் சொல்லிவிடுகிறோம். இரண்டு முழு எண்கள். முதலதன் இருமடங்கோடு இரண்டாவதன் மும்மடங்கைக் கூட்டுக. இது முதல் தொகை. முதலதன் ஒன்பது மடங்கோடு இரண்டாவதன் ஐந்து மடங்கைக் கூட்டுக; இது இரண்டாம் தொகை. ஒரு தொகை 17 ஆல் மீதியின்றி வகுபட்டால் மற்றதும் வகுபடும் என்று நிறுவுக. 7, 1 என்னும் எண்களை எடுத்தால் தொகைகள் 17, 68. வழி யாதெனில், முதல் தொகையை நான்கு மடங்காக்கி இரண்டாம் தொகையோடு கூட்டிப் பார்ப்பதே. எஞ்சியதை நேயர்கள் தாமே முடித்துக்கொள்வார்கள்.

அப்போட்டியில் பரிசு பெற்றோர் பட்டியலில் பின்னாளில் உலகறிந்த பெயர்கள் பல உள்ளன. விமானவியலில் பெரும்பெயர் பெற்ற தியோடர் ஃபான் கார்மான் 1898 இல் வென்றவர். ஹைட்ரஜன் குண்டுக்கு முன்னின்று உழைத்த எட்வர்ட் டெல்லர் 1925 இல் வென்றவர். கணக்குப் போட்டால் அறமும் உடன்வந்து சேரும் என்று எவரும் எண்ண வேண்டாம் என்பதற்காகவே இரண்டாவது பெயரையும் குறிப்பிட்டோம்.

இனி, தலைப்பில் சொன்ன ஆணிகளுக்கு வருவோம். 1930 களின் தொடக்கத்தில் புடாபெஸ்ட் நகரப் பூங்காவில் இளைஞர் குழு ஒன்று கூடும். முக்காடிட்டு முகம் மறைந்த பழங்கால வரலாற்றாசிரியர் ஒருவரின் சிலை அங்கே உண்டு. அவருடைய பெயரை எவரும் அறியார். 'பெயரிலார்' என்பதே அச்சிலையின் பெயர். அதன் அருகே அமர்ந்து அவ்விளைஞர்கள் கணக்குப் பேசினார்கள். அவர்களுள் பெரும்பாலோர் யூதர்கள். பல்கலைக்கழகங்களில் யூத மாணவரின் எண்ணிக்கையை வரையறுக்கும் சட்டம் ஹங்கேரியில் 1920 இல் பிறந்திருந்தது. பால் ஏர்டிஷ் என்னும் மாணவர், தேசியத் தேர்வு ஒன்றில் வென்றமையால்தான் 1930 இல் பல்கலைக்கழகத்தில் நுழைய முடிந்தது. படித்து முடித்தாலும் வேலை என்பது கானல் நீர். இழக்க ஏதுமில்லாத அந்தப் பிள்ளைகளுக்குக் கணக்கு ஒன்றே செலவில்லாத செல்வமாயிருந்தது.

ஒருநாள் அக்குழுவில் இருந்த எஸ்தர் கிளைன் என்னும் இளம்பெண் ஒரு கணக்கைச் சொன்னார். நாம் அதை ஆணிகளால் சொல்கிறோம். ஒரு பலகையில் ஐந்து ஆணிகளை மனம்போனபடி அடியுங்கள். எந்த மூன்று ஆணிகளும் ஒரே நேர்க்கோட்டில் அமையலாகாது என்பது மட்டுமே நிபந்தனை. நீங்கள் எப்படி அடித்தாலும், அவற்றுள் நான்கு ஆணிகளைத் தேர்ந்து, எங்கும் உட்குழியாத நாற்கரம் ஒன்றை அமைக்க இயலும் என்று நிறுவுக. உட்குழிதல் என்பது, நாற்கரத்தின் ஒரு மூலை அம்பின் பின்புறம்போல் உள்நோக்கி மடங்கியிருத்தல்.

நான்கே ஆணிகள் போதா. மூன்றை முக்கோணமாக அடித்து நான்காவதை நடுவில் அடித்துப் பாருங்கள். மூலை உள்ளே மடங்கிவிடும். ஐந்தாவது ஆணி வந்ததும் நிலைமை ஏன் மாறுகிறது? எஸ்தர் கண்ட வழி இது. எல்லா ஆணிகளையும் சுற்றி வெளியே ஒரு நூலைப் போட்டு இறுக்குங்கள். நூல் ஐந்து ஆணிகளையுமோ நான்கு ஆணிகளையுமோ தொட்டு நிற்குமானால், தொட்டவற்றுள் நான்கை எடுத்தால் கேட்டது கிடைத்துவிட்டது. மூன்றை மட்டும் தொட்டு முக்கோணமாக நின்றால், இரண்டு ஆணிகள் உள்ளே இருக்கின்றன. உள்ளே உள்ள இரண்டையும் இணைத்து, இருபுறமும் நீளுமாறு ஒரு கோடு போடுங்கள். முக்கோணத்தின் முனைகள் மூன்று. கோட்டிற்குப் பக்கங்கள் இரண்டு. எனவே ஏதோ ஒரு பக்கத்தில் இரண்டு முனைகள் சேர்ந்தே நிற்க வேண்டும். அவ்விரண்டையும் உள்ளே உள்ள இரண்டையும் சேர்த்தால் நாற்கரம் ஆயிற்று. பலகையும் நூலும் வீட்டில் இருந்தால் செய்து பாருங்கள். சிறு பிள்ளைகளுக்கும் விளங்கும்.

அக்குழுவில் ஜார்ஜ் ஸெகெரெஷ் என்று ஓர் இளைஞர் இருந்தார். பயின்றது வேதிப் பொறியியல். பிழைப்பு, தோல் பதனிடும் தொழிலில். அவர் இக்கணக்கை விடவில்லை. நாற்கரத்திற்கு ஐந்து ஆணிகள் போதும் என்றால் ஐங்கோணத்திற்கு எத்தனை வேண்டும்? அறுகோணத்திற்கு எத்தனை? எத்தனை மூலைகளைக் கேட்டாலும், போதுமான ஆணிகளை அடித்தால் அது கிடைத்தே தீரும் என்று அவர் நிறுவினார். ஏர்டிஷ் வேறொரு வழியும் கண்டார். இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை 1935 இல் வெளிவந்தது. 1937 இல் ஜார்ஜும் எஸ்தரும் மணம் புரிந்துகொண்டார்கள். ஏர்டிஷ் அக்கணக்கிற்கு 'இனிய முடிவுக் கணக்கு' என்று பெயரிட்டார். கணித நூல்களில் இன்றும் அதுவே பெயர்.

மணவாழ்வு இனிதாயினும் நாடு இனிதாயில்லை. நாஜிகளின் கொடுமைக்குத் தப்பி அவர்கள் ஷாங்காய் நகருக்குப் போனார்கள். போர்க்காலம் முழுவதையும் அங்கே இடர்ப்பாட்டிலே கழித்தார்கள். 1948 இல் ஆஸ்திரேலியாவின் அடிலைடு பல்கலைக்கழகம் ஜார்ஜுக்கு ஆசிரியப் பணி தந்தது. தோல் பதனிட்டவர் கணிதப் பேராசிரியரானார். பின்னர்ச் சிட்னி நகருக்குக் குடிபெயர்ந்தார்கள். எஸ்தரும் அங்கே கல்லூரி ஆசிரியையானார்; பள்ளி மாணவர் வாரந்தோறும் கூடிக் கடின கணக்குகளோடு பழகும் வகுப்புகள் தொடங்கவும் துணைநின்றார். புடாபெஸ்ட் பூங்காவின் வழக்கம் கடல் கடந்து வந்துவிட்டது.

1988 இல் அனைத்துலக ஒலிம்பியாடு ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவில் நடந்தது. போட்டியின் அமைப்பு இது: இரண்டு நாள்கள்; நாளுக்கு மூன்று கணக்குகள், நாலரை மணி நேரம்; கணக்குக்கு 7 மதிப்பெண். நாடுகள் அனுப்பும் கணக்குகளைச் சலித்தெடுக்க அவ்வாண்டு அமைந்த அறுவர் குழுவில் ஸெகெரெஷ் தம்பதியரும் இருந்தார்கள். மேற்கு ஜெர்மனி அனுப்பிய கணக்கு ஒன்றை அந்த அறுவராலும் தீர்க்க முடியவில்லை. ஆஸ்திரேலியாவின் சிறந்த எண்ணியல் அறிஞர் நால்வருக்கு அதனை அனுப்பி ஆறு மணி நேரம் முயலச் சொன்னார்கள். அவர்களாலும் அந்நேரத்திற்குள் முடியவில்லை. மிகக் கடினம் என்பதற்கு அடையாளமாக இரண்டு உடுக்குறி இட்டு நடுவர் அவையிடம் ஒப்படைத்தார்கள். நடுவர்கள் நெடுநேரம் ஆராய்ந்து, துணிந்து அதனையே ஆறாம் கணக்காக வைத்தார்கள்.

கணக்கைப் பாருங்கள். இரண்டு நேர் முழு எண்கள். அவற்றின் வர்க்கங்களைக் கூட்டுக. அவ்விரு எண்களின் பெருக்கற்பலனோடு 1 சேர்த்து, வந்ததைக் கொண்டு அக்கூட்டுத்தொகையை வகுக்க. பெரும்பாலும் மீதி வரும். மீதியின்றி வகுபடுமானால், ஈவு ஒரு முழு வர்க்கமாகவே இருக்கும் என்று நிறுவுக. 3, 27 என்னும் எண்களை எடுத்தால், 9 உம் 729 உம் சேர்ந்து 738, பெருக்கற்பலனோடு 1 சேர்த்தால் 82, ஈவு 9. அது 3 இன் வர்க்கம். 30, 112 என்றால், வர்க்கங்களின் கூட்டுத்தொகை 13444, வகுக்கும் எண் 3361, ஈவு 4. அது 2 இன் வர்க்கம். ஏன் எப்போதும் வர்க்கம்? வினாவில் அதற்கான குறிப்பு எதுவும் இல்லை.

வழி ஒரு படிக்கட்டு. ஈவால் சிறிய எண்ணைப் பெருக்கி, அதிலிருந்து பெரிய எண்ணைக் கழியுங்கள். 4 ஐ 30 ஆல் பெருக்க 120. 112 போக 8. இப்போது பெரிய எண்ணை விட்டுவிட்டு 30, 8 என்னும் இணையைச் சோதியுங்கள். ஈவு மீண்டும் 4! இன்னும் ஒரு படி: 32 இல் 30 போக 2. 8, 2 என்னும் இணைக்கும் ஈவு 4. இன்னும் ஒரு படி: 8 இல் 8 போக 0. இணை 2, 0. ஓர் எண் 0 ஆகிவிட்டால் பெருக்கற்பலன் 0. வகுக்கும் எண் வெறும் 1. எனவே ஈவு மற்ற எண்ணின் வர்க்கமே. படியிறங்கும்போது ஈவு மாறவே இல்லை. கீழே வர்க்கமாயிருப்பது மேலேயும் வர்க்கமாகத்தானே இருக்க வேண்டும்?

படியிறங்குகையில் ஈவு மாறாதது எதனால் என்பதற்குத்தான் பத்தாம் வகுப்பு வேண்டும். சிறிய எண்ணையும் ஈவையும் மாற்றாமல் வைத்துக்கொண்டால், பெரிய எண் ஓர் இருபடிச் சமன்பாட்டின் மூலம் ஆகிறது. இருபடிச் சமன்பாட்டிற்கு மூலங்கள் இரண்டு. அவற்றின் கூட்டுத்தொகை, ஈவைச் சிறிய எண்ணால் பெருக்கி வருவது. நாம் கழித்துக் கண்டது அந்த மற்றொரு மூலமே. மூலங்களின் பெருக்கற்பலனைப் பார்த்தால், புதிய எண் சிறிய எண்ணினும் சிறியது என்று தெரியும். அது 0 க்குக் கீழே போகவும் வழியில்லை. போனால், சமன்பாட்டின் ஒருபுறம் நேர் எண்ணும் மறுபுறம் அப்படியல்லாததும் நிற்கும். முழு எண்கள் குறைந்துகொண்டே வந்து, 0 க்குக் கீழும் போகமுடியாது எனில், என்றேனும் 0 இல் வந்து நிற்கத்தான் வேண்டும். மூலங்களின் கூட்டுத்தொகை, பெருக்கற்பலன் என்று நம் பிள்ளைகள் மனனம் செய்யும் அதே இரண்டு வரிகள்தாம் இங்குத் திறவுகோல்.

அவ்வாண்டு 49 நாடுகளிலிருந்து 268 மாணவர்கள் போட்டியிட்டார்கள். ஆறாம் கணக்கிற்கு முழு 7 மதிப்பெண் பெற்றவர்கள் 11 பேர். ஆஸ்திரேலிய அணியில் டெரன்ஸ் டாவ் என்னும் சிறுவன் இருந்தான். 13 வயது நிறைவுறும் பருவம். அவன் அக்கணக்கிற்குப் பெற்றது 1 மதிப்பெண். மற்றக் கணக்குகளை நன்கு செய்து தங்கப் பதக்கம் வென்றான். 2006 இல் கணித உலகின் பெருஞ்சிறப்பாகிய ஃபீல்ட்ஸ் பதக்கமும் பெற்றார். 'பெற்றார்' என்று மரியாதை கூட்டிச் சொல்லும் அளவிற்கு வளர்ந்த அந்தப் பிள்ளைக்கும் ஒரு கணக்கில் ஏழுக்கு ஒன்றுதான் கிடைத்தது.

மடல் எழுதிய தாயின் கணவருக்கு நாம் சொல்ல விழைவது இதுவே. ஐயா, அறுவர் குழுவும் நான்கு அறிஞர்களும் விடை காணாமல் நின்ற கணக்கை, எவரும் அலமாரி மேல் தூக்கி வைக்கவில்லை. நான்கு நாள் விடை வராமல் இருக்கும் உங்கள் மகள் வீணே அமர்ந்திருக்கவில்லை. ஒரு வழி அடைபட்டதென்று கண்டு மறுவழி தேடிக்கொண்டிருக்கிறாள். பாடநூல் இதைக் கற்பிக்காது. கற்பிக்கவும் இயலாது, ஏனெனில் அங்கே தலைப்பு முன்னரே வழிகாட்டிவிடுகிறது. "முடிந்ததா?" என்று மாலைதோறும் வினவுவதை விடுத்து, "எதுவரை வந்தாய், சொல் பார்ப்போம்" என்று ஒருநாள் கேளுங்கள். உங்களுக்குக் கணக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. சொல்லிக்கொண்டு வரும்போதே அவளுக்கு வழி புலப்படக்கூடும். தேர்வுப் பாடங்களுக்கு உரிய நேரத்தை அவளோடு பேசி வரையறுத்துக்கொள்வதும் உங்கள் உரிமை. அதை நாம் மறுக்கவில்லை.

போட்டிகளில் எல்லாமே நன்று என்றும் நாம் சொல்லத் துணியோம். 1988 இல் 11 பிள்ளைகள் தாமே கண்டடைந்த அந்தப் படிக்கட்டு, இன்று பயிற்சி நூல்களில் பெயர் சூட்டப்பட்டு, 'இவ்வகைக் கணக்கு வந்தால் இதைச் செய்க' என்று அச்சாகியிருக்கிறது. அதை மனனம் செய்த பிள்ளைக்கு அது மற்றுமொரு பாடநூல் விதியே. பதக்கத்திற்காகப் பிள்ளையை விடியலில் எழுப்பி இத்தகைய உபாயங்களைப் புகட்டும் பெற்றோர், மேல்தட்டில் தாளை வைத்த தந்தையைவிட மிகுந்த தீங்கு செய்கிறார்கள் என்பது நம் எண்ணம். விரைவே திறமை என்ற மயக்கமும் உண்டு. ஈரானியப் பெண்மணி மரியம் மிர்சாகானி 1994, 1995 ஆகிய இரண்டு ஒலிம்பியாடுகளிலும் தங்கம் வென்றவர். இரண்டாவதில் 42 க்கு 42. 2014 இல் ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்ற முதல் பெண்மணியும் அவரே. 2017 இல் நாற்பதே வயதில் மறைந்தார். மெதுவாகச் சிந்திப்பவள் என்றே அவர் தம்மைக் குறிப்பிட்டுக்கொண்டார்.

நம் நாட்டு நிலையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். இந்தியா இவ்வொலிம்பியாடில் 1989 முதல் பங்கேற்கிறது. 1996 இல் மும்பையில் போட்டியை நடத்தியும் இருக்கிறது. 2024 இல் இங்கிலாந்தின் பாத் நகரில் நம் அணி நான்கு தங்கமும் ஒரு வெள்ளியும் வென்று நான்காம் இடம் பெற்றது. அணியைத் தேர்ந்து பயிற்றுவிக்கும் பணி மும்பையிலுள்ள ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தைச் சார்ந்தது. அத்துணை உயரம் ஏற விரும்பாதவர்களுக்கும் வழியுண்டு. சென்னையில் 1965 இல் தோன்றிய இந்தியக் கணித ஆசிரியர் சங்கம், தொடக்கப் பள்ளி வகுப்புகளிலிருந்தே மாணவர்க்குக் கணிதத் திறன் போட்டிகளை நடத்தி வருகிறது. பள்ளித் தலைமையாசிரியரிடம் கேட்டால் விவரம் கிடைக்கும்.

ஸெகெரெஷ் தம்பதியர் இறுதிக் காலத்தில் அடிலைடுக்கே திரும்பி வந்தார்கள். ஆணிக் கணக்கு அப்போதும் ஜார்ஜை விடவில்லை. அறுகோணத்திற்கு 17 ஆணிகள் போதும் என்பதைக் கணினியின் துணையோடு மற்றோர் அறிஞருடன் சேர்ந்து நிறுவினார். 2005 ஆகஸ்டு 28 ஆம் நாள் கணவனும் மனைவியும் ஒரே நாளில், ஒரு மணி நேர இடைவெளிக்குள் இறந்தார்கள். அவருக்கு 94 வயது, எஸ்தருக்கு 95. அக்கட்டுரை மறு ஆண்டு வெளிவந்தது. எல்லா எண்ணிக்கையிலான மூலைகளுக்கும் சரியான ஆணித்தொகை எவ்வளவு என்பது இன்னும் முற்றாக நிறுவப்படவில்லை.

இத்திங்கள் நேயர் குடும்பங்களுக்கு ஒரு கணக்கு வைக்கிறோம். 1947 இல் ஹங்கேரியப் போட்டியில் கேட்கப்பட்டது. ஆணிக் கணக்கைத் தீர்க்கையில் ஜார்ஜ் கண்ட உண்மையின் மிகச் சிறிய வடிவமும் ஆகும். திருமண விருந்தில் ஒரு பந்தியில் எவரேனும் அறுவர் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களுள் ஒருவரையொருவர் முன்னரே அறிந்த மூவர் இருப்பார்கள்; இல்லையேல் ஒருவரையொருவர் சற்றும் அறியாத மூவர் இருப்பார்கள். அறுவர் யாராயினும் இது தவறாது என்று நிறுவுக. தொடங்குமிடம் தெரியாமல் திகைப்பவர்கள், அறுவருள் ஒருவரை மட்டும் எழுப்பி நிறுத்தி, எஞ்சிய ஐவருள் அவருக்குத் தெரிந்தவர் எத்தனை பேர், தெரியாதவர் எத்தனை பேர் என்று கேட்டுப் பார்க்கலாம். ஐவர் என்றால் ஏன் அது நடக்காமற் போகலாம் என்பதையும் வட்டமாக அமர்ந்து சோதிக்கலாம். தீர்வுகளை அடுத்த திங்கள் 10 ஆம் நாளுக்குள் அனுப்புக. தாயும் தந்தையும் பிள்ளைகளும் சேர்ந்து எழுதினால் எல்லார் பெயரையும் வெளியிடுவோம்.